ஆறுமுகச்சாமிக்குப் பின்னால் போன குரைப்புகள்

சங்கரன்கோவில் தண்ணீர்த்தொட்டித் தெருவில் பெத்துராஜ் வீட்டு நாய்க்குட்டி குரைத்தால், அந்தக் குரைப்பு நாயோடு நிற்பதில்லை. யாரைப் பார்த்துக் குரைத்ததோ அவர் பின்னாலேயே கிளம்பிப் போய்விடும். இது முதலில் தெரியவந்தது ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமை, கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளின் மூலமாக. அவர் காலி சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பியபோது, குட்டி செருப்பு ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து நான்கு தடவை குரைத்தது. அவர் லோடு ஆட்டோவில் ஏறிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனார். அங்கே முதல் வீட்டில் இறங்கியபோது, அவருக்கு இரண்டடி பின்னால், முழங்கால் உயரத்தில், அதே நான்கு குரைப்பும் அதே இடைவெளி விட்டுக் கேட்டன. திரும்பிப் பார்த்தார், ரோட்டில் ஒன்றும் இல்லை. அன்று அவர் இருபத்தாறு வீடுகளுக்கு சிலிண்டர் போட்டார். இருபத்தாறு வீட்டிலும் அவர் கூப்பிடுவதற்கு முன்பே ஆட்கள் கதவைத் திறந்தார்கள். மூன்றாம் நாள் குரைப்பு தொண்டை கட்டியதுபோல் ஆகி, நான்காம் நாள் காலையில் இல்லாமல் போனது.

பெத்துராஜுக்குத் திருவேங்கடம் ரோட்டில் பெயிண்ட் கடை. அவர் மனைவி சுகிர்தா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். முந்தின கார்த்திகையில் அந்தத் தெருவில் இரண்டு பைக்குகள் காணாமல் போனதிலிருந்து வீட்டுக்கு வீடு கேமரா மாட்டினார்கள். கேமரா மாட்டியதும் எல்லோருக்கும் எல்லோரையும் பார்க்கும் வேலை வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரன் நம் வாசலைப் படம் பிடிக்கிறான் என்று இவரும், இவர் பிடிக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரனும் நினைத்தார்கள். பெத்துராஜ் கேமராவோடு நிற்காமல் சிவகிரிக்குப் போய் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கிவந்தார். நாலு மாதக் குட்டி. நீளக் கால், ஒடுங்கிய வயிறு, காய்ந்த கடலைத்தோல் நிறம். விற்றவன் அதைப் பிறந்ததிலிருந்து ஒரு உரமூட்டை அறையில் பூட்டி வைத்திருந்தான். கதவு திறந்தால் சோற்றுத்தட்டு வரும், மூடினால் இருட்டு. பெத்துராஜ் அதற்கு மேஜர் என்று பெயர் வைத்தார். குரைப்பதற்காக வாங்கிய நாய் குரைத்தது, அவருக்குத் திருப்திதான்.

மேஜர் குடையைப் பார்த்துக் குரைத்தது. தயிர்க்காரம்மாவின் தலையில் இருந்த சருவப் பானையைப் பார்த்துக் குரைத்தது. கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர், தொப்பி போட்ட உபதேசியார், பலூன் விற்கிறவர், கழுத்து வலிக்குப் பட்டை மாட்டிய ஒரு பெண், எல்லோரையும் பார்த்துக் குரைத்தது. குரைப்புகள் அவரவர் பின்னால் போயின. உபதேசியார் மூன்று நாள் ஜெபக்கூட்டங்களை அதோடேயே நடத்தினார். ரீடிங் எடுப்பவர் அதைக் கூட்டிக்கொண்டு நாலு தெரு சுற்றினார். கணக்கில் ஒரு தப்பும் வரவில்லை. தயிர்க்காரம்மாவுக்கு மட்டும் அது உபகாரமாக இருந்தது, தெருவில் கூவ வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாருக்காவது பின்னால் குரைப்பு கேட்டால், "தண்ணீர்த்தொட்டித் தெருவுக்கா போயிட்டு வாரிய?" என்று டீக்கடையில் கேட்கிற அளவுக்கு ஊர் அதற்குப் பழகியது.

பங்குனியில் அந்த சிலிண்டர் ஆளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சிலிண்டரில் கொஞ்சம் கொஞ்சமாக கேஸ் எடுத்து வேறிடத்தில் கொடுத்தார் என்று புகார். செய்தி தெருவுக்கு வந்த அன்று, கூட்டுறவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முத்துக்கிருஷ்ணன் தன் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு நேரே பெத்துராஜிடம் வந்தார். அவர் வீட்டில் நான்கு கேமராக்கள்.

"நாய்க்குத் தெரிஞ்சிருக்கு வே," என்றார். "நாம அவன் மூஞ்சியத்தான் பாத்தோம். அது உள்ள இருக்கத பாத்துட்டு."

அதுவரைக்கும் மேஜர் முப்பத்து நான்கு பேரைப் பார்த்துக் குரைத்திருந்தது. அதில் முப்பத்து மூன்று பேர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த முப்பத்து மூன்று பேரை யாரும் எண்ணவில்லை. இன்னும் மாட்டவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். தயிர்க்காரம்மாவின் தயிரில் என்ன கலந்திருக்கும் என்று பேச்சு வந்தது. உபதேசியாரைப் பற்றியும் வந்தது.

சித்திரையில் பெத்துராஜ் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்களை வீட்டுக்காரர்கள் கூட்டிவந்து கேட்டைக் கடந்து நடக்கச் சொன்னார்கள். கடைக்கு ஆள் எடுத்தவர்கள் கூட்டிவந்தார்கள். ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் மாப்பிள்ளைப் பையனையே காரில் கொண்டுவந்து இறக்கியது. நடந்தவர்கள் எல்லோரும் நாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு, கை கால் விறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அப்படி வருகிற ஒரு மனிதனைப் பார்த்தால் எந்தக் குட்டியும் மிரளும். மேஜர் குரைத்தது. பெத்துராஜ் வந்தவர்களுக்கு காபி கொடுத்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குரைத்து முடித்ததும் குட்டி நின்ற இடத்தில் ஒரு கை அளவு மூத்திரம் கிடக்கும். அதைத் துடைத்தது சுகிர்தா. ஒவ்வொரு தடவையும் துடைத்தாள். அதைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் முத்துக்கிருஷ்ணனின் மனைவி ஞானபூரணத்தின் மூன்று பவுன் சங்கிலியைக் காணவில்லை. முத்துக்கிருஷ்ணன் போலீசுக்குப் போகவில்லை. அந்த வாரம் தன் வீட்டுப் படியேறிய எல்லோரையும் பெத்துராஜ் வீட்டு வாசலுக்கு வரச் சொன்னார். தண்ணீர் கேன் போடுகிறவர், பாத்திரம் தேய்க்கும் பெண், மோட்டார் மெக்கானிக் மூவரும் நடந்தார்கள். அன்று உச்சி வெயில். மேஜர் களைத்துப் படுத்துக் கிடந்தது. நாலாவதாக வந்தது, தேய்த்த துணி கொடுக்கப் படியேறியிருந்த ஆறுமுகச்சாமி.

ஆறுமுகச்சாமி அந்தத் தெருமுனை வேப்பமரத்தடியில் பத்தொன்பது வருஷமாக இஸ்திரி வண்டி வைத்திருந்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டதால், இரும்புப் பூண் போட்ட ஒரு கம்பை ஊன்றி, ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து நடப்பார். கம்பு சிமெண்டு ரோட்டில் டக், டக் என்று விழும். மேல் முழுக்க அடுப்புக்கரி வாசனை. மேஜர் எழுந்தது, வால் வயிற்றுக்கு அடியில் போனது, பின்னுக்குப் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டு பதினோரு தடவை குரைத்தது. பதினோரு குரைப்பும் ஆறுமுகச்சாமியோடு தெருமுனைக்குப் போயின.

யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. தேய்க்க உருப்படி மட்டும் வரவில்லை. ஒரு வாரத்தில் பாதித் தெரு வீட்டிலேயே கரண்டுப் பெட்டி வைத்துத் தேய்த்துக்கொண்டது. மற்றவர்களின் குரைப்பு மூன்று நாளில் தேய்ந்தது, இவருடையது தேயவில்லை. மொட்டை மாடியில் கட்டப்பட்டிருந்த மேஜருக்கு அவர் வண்டி நேராகத் தெரிந்தது. தினமும் பார்த்தது, தினமும் புதிதாகக் குரைத்தது. வைகாசிக்குள் அவருக்குப் பின்னால் நாற்பது குரைப்பு சேர்ந்துவிட்டது. அவர் நடந்தால் ஒரு கூட்டம் வருவதுபோல் இருக்கும். கோயில் வாசலில் தேங்காய் வாங்கப் போனால் கடைக்காரர் கல்லாப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைப்பார்.

அந்த மாதம் அவர் மகள் முப்பிடாதியைப் பெண் பார்க்க மேலநீலிதநல்லூரிலிருந்து வந்தார்கள். முப்பிடாதி பி.காம். முடித்து ஒரு விசைத்தறிக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். ஆறுமுகச்சாமி வணக்கம் என்று கையெடுத்ததும் நாற்பதும் சேர்ந்து குரைத்தன. பையனின் அம்மா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கேள்விப்பட்டிருந்தார்கள், காதால் கேட்டது இப்போதுதான். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துபோனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அன்றிலிருந்து முப்பிடாதி அப்பாவிடம் பேசும்போது சத்தமாகப் பேசப் பழகிக்கொண்டாள், இல்லாவிட்டால் கேட்காது.

ஆடித்தபசு கூட்டம் கலைந்த மறுவாரம் சாரல் விழுந்தது. பெத்துராஜ் கடையிலிருந்து புது நீல ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். கேட்டைத் திறந்தார். மேஜர் ஒன்பது தடவை குரைத்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, "ஏலே நான்தாம்லே!" என்று கத்தினார். அதற்குள் ஒன்பதும் அவர் பின்னால் வந்து நின்றுவிட்டன.

மறுநாள் கடையில் முதல் வியாபாரத்திலேயே அது தெரிந்துபோனது. பிரைமர் வாங்க வந்தவர், "என்ன அண்ணாச்சி, உங்களையுமா?" என்று சிரித்துவிட்டு, டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்துக்கிருஷ்ணன் சாயங்காலம் நாற்காலியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார். சுகிர்தா புருஷனின் சட்டைப் பையைப் பார்த்தாள். செல்போனைப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காமல் வைத்திருக்கிறாரே என்று அதற்கும் மனசு அடித்துக்கொண்டது.

"ஏட்டி, என்னத்தத் தேடுத?" என்றார் பெத்துராஜ், சாப்பாட்டுத் தட்டின் முன்னால்.

"ஒண்ணுமில்ல."

"நான் என்னட்டி செஞ்சேன்?"

"அது உங்களுக்குத்தான தெரியும்."

"ரெயின்கோட்டப் பாத்து மெரண்டுட்டு. அதுக்கு நான் களவாணியா?"

சுகிர்தா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அப்பம் ஆறுமுகச்சாமி அண்ணாச்சியப் பாத்து எதுக்கு மெரண்டுச்சு?"

பெத்துராஜ் எழுந்தார். கை கழுவப் போனார். ஒன்பது குரைப்பும் அவர் பின்னால் போய் வாஷ்பேசின் பக்கத்தில் குரைத்தன. மறுநாள் அவர் செய்தித்தாளைச் சுருட்டி மேஜரை முகத்திலேயே நாலு அடி அடித்தார், குரைக்கும்போதெல்லாம் அடித்தார். அதற்கப்புறம் வந்த குரைப்புகள் கட்டையாக, அடிவயிற்றிலிருந்து வந்தன. மூன்று நாளில் தேய வேண்டியவை பத்து நாள் ஆகியும் தேயவில்லை. சிவகிரிக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றார். சுகிர்தா அன்று மெடிக்கலுக்கு லீவு சொல்லிவிட்டு, குட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் ஷம்சாத் பேகம் கடையநல்லூர்க்காரர். அப்போதுதான் ஒரு எருமைக்கு ஊசி போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார். மேஜர் அவரைப் பார்த்து ஐந்து தடவை குரைத்தது. அவர் நின்றார், நாயைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இது எத்தன நாளு எம் பின்னால வரும்?"

"இப்பம் பத்து நாளு ஆவுது டாக்டர். முன்னால மூணுதான்."

"அடிச்சீங்களா?"

"அவுக அடிச்சிட்டாக டாக்டர்."

"வால் எங்க இருக்குன்னு பாருங்க. காது பின்னால மடங்கிருக்கு. குரைக்கையில முன்னால வருதா, பின்னால போவுதா?"

"பின்னால."

"கடிக்க வார நாய் இல்ல இது. 'என்கிட்ட வராத, போ போ'ன்னு சொல்லுது. இது குரைச்சதும் அந்த ஆளு தன் வேலையப் பாத்துட்டுப் போயிருதாரு. குரைச்சதாலதான் போனாருன்னு இது நெனச்சுக்கிடுது. அடுத்த ஆளு வந்தா இன்னும் சத்தமாக் குரைக்குது. மூணு வாரத்துல இருந்து மூணு மூணரை மாசத்துக்குள்ள ஒரு குட்டி என்னெல்லாம் பாக்குதோ அதெல்லாம் அதுக்குப் பழக்கம். அதுக்கு மேல பாக்கதெல்லாம் பேய்தான்."

சுகிர்தா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அப்பம் இதுக்குத் திருடனத் தெரியாதா டாக்டர்?"

"இதுக்குக் குடைன்னா என்னன்னே தெரியல."

செய்ய வேண்டியதை டாக்டர் ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். மாடியில் கட்டக் கூடாது. தெரு தெரியாமல் கேட்டில் சாக்கு கட்ட வேண்டும். எதைப் பார்த்துப் பயப்படுகிறதோ அதை, குரைக்காமல் பார்க்கிற அளவு தூரத்தில் நிறுத்த வேண்டும். அது பார்த்த உடனே வாயில் ஈரல் துண்டு. ஆள் மறைந்தால் ஈரலும் நிற்க வேண்டும். குரைத்தால் திட்டக் கூடாது; தூரத்தைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். அவசரப்படக் கூடாது.

"பயப்படுத நேரத்துல தின்னக் குடுத்தா பயம் கூடிராதா?"

"பயம் என்ன சோறு தின்னா வளரும்?" என்றார் டாக்டர். ஐந்து குரைப்பும் அவர் பின்னால் எருமைத் தொழுவம் பக்கம் போயின. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுகிர்தா அன்று மாலையே ஆறுமுகச்சாமி வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்கு அவள் அதற்கு முன் போனதில்லை. அப்போது குரைப்புகள் ஐம்பத்தொன்று. அவர் கரி சலித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் யாரு வீட்டுல என்னத்தக் காணும் தாயி?" என்றார், நிமிராமல்.

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். டாக்டர் சீட்டைக் காட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"நான் அங்கன வந்து நிக்கணும். நீங்க அதுக்கு ஈரல் ஊட்டுவிய. யாராவது மறஞ்சு நின்னு வீடியோ எடுத்து, களவாணிய நாய் காட்டிக் குடுக்குன்னு அனுப்புவிய. பத்தொம்பது வருசம் ஒங்க தெருத் துணியெல்லாம் எங்கைலதான் இருந்துச்சு. சட்டைப் பையில மறந்து வச்ச ரூவாய மடிச்சு மேல வச்சுக் குடுத்திருக்கேன். அந்த நாயி வந்து எட்டு மாசம் ஆவுமா?"

உள்ளேயிருந்து முப்பிடாதி வந்தாள். "போங்கப்பா," என்றாள், ஐம்பத்தொன்றுக்கும் மேலாக. "அவங்களுக்காகப் போவாண்டாம். எனக்காகப் போங்க. வீட்டுல ஒரு வார்த்த மெதுவாப் பேசி எத்தன மாசம் ஆச்சு?"

ஆவணி முதல் தேதி காலை ஏழு மணிக்குச் சந்தைத் திடலில் அவர்கள் தொடங்கினார்கள். வியாழக்கிழமை தவிர அங்கே ஆள் இருக்காது. ஆறுமுகச்சாமி ஒரு மூலையில், சுகிர்தா குட்டியோடு எதிர் மூலையில். அவர் சுற்று முற்றும் பார்த்து, யார் கையிலாவது செல்போன் இருக்கிறதா என்று கவனித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சுகிர்தா குனிந்து ஈரலை எடுத்தபோது கழுத்துச் சங்கிலி வெளியே வந்து தொங்கியது. அவள் கை தானாகப் போய் அதைச் சேலைக்குள் தள்ளியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் அதைப் பார்த்தார். பார்த்தார் என்பதை அவளும் பார்த்தாள்.

முதல் நாள் நூறு காலடி தூரம். மேஜர் பார்த்தது, ஈரல் தின்றது, மறுபடி பார்த்தது. அவர் பின்னால் நின்ற ஐம்பத்தொன்றும் குரைத்தபோது அது தன் குரலையே கேட்டுத் தலையைச் சாய்த்தது. ஐந்தாம் நாள் எண்பது காலடி. எட்டாம் நாள் கம்பு கல்லில் வழுக்கி டணார் என்று விழுந்ததில் எல்லாம் பாழாகி, மறுபடி நூறு. அவர் நாயைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, கை நீட்டக் கூடாது. பக்கவாட்டில் உட்கார்ந்து பீடியும் பிடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன்னைக் கெடுத்த ஒரு பிராணிக்காகத் தினம் அரை மணி நேரம் சும்மா இருப்பது அவருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அது தன்னைப் பார்த்துக் கொட்டாவி விடுவதையும் உதட்டை நக்குவதையும் ஓரக்கண்ணால் கவனிக்கத் தொடங்கினார். ஒருநாள் போகும்போது, "இதுக்கும் என்னப் போலத்தான் போலிருக்கு. ரோட்டுல எவனப் பாத்தாலும் என்ன செய்வானோன்னு இருக்கு," என்றார். சுகிர்தாவிடம் அவராகப் பேசியது அதுதான் முதல். வீட்டில் பெத்துராஜும் நீல ரெயின்கோட்டைக் கூடத்தில் விரித்து அதன்மேல் பிஸ்கட் போட்டுவைத்தார். நாலு நாளில் மேஜர் அதன்மேல் படுத்துத் தூங்கியது.

ஆவணி கடைசியில் ஞானபூரணம் மெடிக்கலுக்குத் தைராய்டு மாத்திரை வாங்க வந்தாள். பையைக் குனிந்து எடுத்தபோது ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சங்கிலி நழுவி விழுந்தது. கொக்கி உடைந்து கறுப்பு நூல் கட்டிய சங்கிலி. அந்த நூலைக் கட்டிக் கொடுத்ததே சுகிர்தாதான்.

"இது எங்கன இருந்துச்சுக்கா?"

ஞானபூரணம் அதை உள்ளே தள்ளினாள். பிறகு வெளியே எடுத்தாள். "பழைய தலையணை உறைக்குள்ள. ஆனி மாசமே கெடச்சிட்டு. அவுகதான் வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாக. தெருவுல எப்படி மொகத்தக் காட்டன்னு."

"ஆறுமுகச்சாமி அண்ணாச்சி நாலு மாசமா எப்படி மொகத்தக் காட்டுனாரு?"

ஞானபூரணம் மாத்திரையை வாங்காமலே போனாள். அன்று சாயங்காலம் முத்துக்கிருஷ்ணன் வேப்பமரத்தடிக்கு வந்தார். வண்டியில் ஒரு துணிகூட இல்லை. தெருவில் எல்லோரும் அவரவர் கேட்டுக்குப் பின்னால் நின்றார்கள்.

"சங்கிலி கெடச்சிட்டு வே," என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

"எப்பம்?"

"ஆனியில."

"இது ஆவணி," என்றார் ஆறுமுகச்சாமி. கரியை ஊத ஆரம்பித்தார். குரைப்புகள் முத்துக்கிருஷ்ணனைப் பார்த்துக் குரைக்கவில்லை. அவை எப்போதும் ஆறுமுகச்சாமியைப் பார்த்துத்தான் குரைத்தன. முத்துக்கிருஷ்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வேட்டிகளை எடுத்து வந்து வண்டியில் வைத்தார். ஆறுமுகச்சாமி அவற்றைத் தேய்க்கவில்லை. எடுத்துத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அவை மூன்று நாள் அப்படியே இருந்தன, பிறகு ஞானபூரணம் வந்து எடுத்துப்போனாள். மற்ற வீட்டு உருப்படிகள் மெல்ல மெல்லத் திரும்பின. அப்போதும் தெருவில் இரண்டு வீட்டில், தலையணை உறையை ஒருவேளை இவரே தேய்க்க வாங்கி, பயந்து சங்கிலியை அதற்குள்ளே திருப்பி வைத்திருப்பாரோ என்று பேசிக்கொண்டார்கள். முத்துக்கிருஷ்ணன் வீட்டுத் தலையணை உறையை யாரும் என்றும் தேய்க்கக் கொடுத்ததில்லை.

புரட்டாசி நடுவில் ஒருநாள் மேஜர் பத்தடி தூரத்தில் சுகிர்தாவின் கையிலிருந்த ஈரலை விட்டுவிட்டு, கயிறு இழுக்கும் வரை போய்க் கம்பின் பூணை மோந்தது. பிறகு சூம்பிய காலை மோந்தது. ஆறுமுகச்சாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய உள்ளங்கையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றபோது, "நாக்கு சூடா இருக்கு தாயி," என்றார். அதற்குப் பிறகு மேஜர் குரைத்தாலும் நாய் குரைப்பதுபோல் குரைத்து அங்கேயே நின்றது. ஒரு குரைப்பும் யார் பின்னாலும் போகவில்லை. வாடகைக்கு வந்தவர்களைச் சோதிக்க வழியில்லாமல் தெருக்காரர்கள் ஆதார் அட்டை கேட்கத் தொடங்கினார்கள்.

ஆனால் ஏற்கெனவே போன ஐம்பத்தொன்றும் தேயவில்லை. சுகிர்தா டாக்டரிடம் போய்க் கேட்டாள். டாக்டரின் ஐந்தும் பெத்துராஜின் ஒன்பதும் அந்த வாரம்தான் நின்றிருந்தன.

"அதெல்லாம் பயந்தப்போ வந்ததுதான?" என்றார் ஷம்சாத் பேகம். "இன்னும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கும். நாய்க்குச் செஞ்சத அதுகளுக்கும் செய்யச் சொல்லுங்க."

ஆறுமுகச்சாமி செய்தார். உருப்படி இல்லாத மத்தியான நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் பக்கவாட்டாக உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல், பின்னால் பன் ரொட்டித் துண்டுகளைப் போட்டார். அவற்றைத் தின்ன அங்கே வாய் எதுவும் இல்லை, காக்காய் தின்றது. இருந்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குரைப்பு பாதியில் நின்றது. புரட்டாசி முடிவதற்குள் இருபத்திரண்டும் ஐப்பசி மழையில் இருபதும் போயின. கார்த்திகை முதல் வாரத்தில் ஒன்பது பாக்கி. அவை போகும்போது ஒரு சின்னப் பெருமூச்சு கேட்கும் என்று முப்பிடாதி சொன்னாள்.

கார்த்திகை கடைசியில் மேலநீலிதநல்லூரிலிருந்து பையனின் அம்மா மட்டும் தனியாக பஸ் ஏறி வந்தாள். சங்கிலி விஷயம் அங்கே போயிருந்தது. வந்து பாயில் உட்கார்ந்து, ஆறுமுகச்சாமிக்குப் பின்னால் காதைக் கொடுத்துக் கேட்டாள். குரைப்பு இல்லை. ஆனால் எதுவோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாம் போயிட்டா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு இருக்கு," என்றாள் முப்பிடாதி. "அது குரைக்காது. போவவும் மாட்டேங்கு. அப்பா எங்க வந்தாலும் அதுவும் வரும். ஒங்க வீட்டுக்கு வந்தாலும் வரும்."

அந்த அம்மா அவர் காலடியை எட்டிப் பார்த்தாள். "என்னமும் திங்குமா?"

"பன் ரொட்டி போடணும். திங்காது."

"சரி," என்று காபியை எடுத்துக் குடித்தாள், தம்ளர் காலியாகும் வரை.

தை பிறந்து இருபதாம் தேதி கல்யாணம் நடந்தது. பெத்துராஜும் சுகிர்தாவும் முன்வரிசையில் இருந்தார்கள். முத்துக்கிருஷ்ணனுக்குப் பத்திரிகை வைக்கப்பட்டது, ஞானபூரணம் மட்டும் வந்தாள். இப்போது ஆறுமுகச்சாமி மாதம் ஒரு தடவை மகளைப் பார்க்க மேலநீலிதநல்லூருக்குப் போகிறார். மினிபஸ்ஸில் அவருக்கு மூன்றாவது சீட்டு. ஏறியதும் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, காலடியில் கொஞ்சம் இடம் விட்டு உட்காருவார். கூட்டம் நெருக்கும்போது, "அண்ணே, அங்கன மிதிச்சிராதீய," என்று பக்கத்தில் இருப்பவர்களே சொல்லிவிடுகிறார்கள். நிற்கிறவர்கள் காலைத் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள்.